அஞ்சலையின் ஜீவனாம்சம் பற்றி உனக்கு

தம்பிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம், மழைதான் இன்னும் இல்லை.

ஜபல்பூரிலிருந்து நீ போட்ட கவரும், அதற்குள் வைத்திருந்த கல்யாணப் பத்திரிகையும் வந்து சேர்ந்தன. பத்திரிகை நல்ல வழவழப்பான காகிதத்தில் இருக்கிறது. இங்கே செஞ்சி கடைத்தெருவில் மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கார்டை நீட்டிக்கொண்டு கால் கடுக்க நிற்கிறோம். உங்களுக்குக் காகிதத்துக்குக்கூடப் பஞ்சமில்லை போலிருக்கிறது, பட்டாளம் என்றால் சும்மாவா. பெண்ணின் பேர், அவள் தகப்பனார் பேர், அவள் படித்த படிப்பு எல்லாவற்றையும் படித்தேன். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். நான் பதில் எழுத உட்கார்ந்தது பத்திரிகையோடு நீ வைத்திருந்த கடிதத்துக்கு.

கோர்ட் உத்தரவு உன் ஆபீசர் கைக்குப் போய், மாதாமாதம் உன் சம்பளத்தில் பிடித்து அஞ்சலைக்கு ஜீவனாம்சம் அனுப்புகிறார்கள், சம்பளம் கொடுக்கிற இடத்தில் நாலு பேர் பார்த்துச் சிரிக்கிறார்கள், தலை நிமிர முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதனால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிடுகிறாயாம். இனிமேல் எனக்கும் என் குழந்தைக்கும் ஒன்றும் வேண்டாம் என்று அவளிடம் ராஜிப் பத்திரம் எழுதி வாங்கி, கல்யாணத்துக்கு வரும்போது நான் கையோடு கொண்டுவர வேண்டுமாம். கடைசியில், 'பெற்ற தாயே கச்சேரியில் நின்று எனக்கு எதிராகச் சாட்சி சொல்லலாமா' என்று ஒரு கேள்வி. முடியாது என்று ஒரு கார்டில் எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்டிருக்கிறாய். ஏன் சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று உனக்கு உன் சித்தப்பா எழுதியிருப்பார். அவர் எழுதினால் அவருக்கு வேண்டிய மாதிரிதான் எழுதுவார். நான் எழுதுவதையும் படித்துவிடு.

உன் பேரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உன்னை நான் தம்பி என்றும் ஐயா என்றும்தான் கூப்பிட்டிருக்கிறேன், கோபம் வந்தால் தடியா என்பேன். உனக்கு வைத்திருப்பது என் மாமனார் பேர். மாமனார் பேரை வாயால் சொல்லும் மருமகள் நம் ஜனத்தில் கிடையாது, புருஷன் பேரும் அப்படித்தான். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று உன் நைனா வயலில் இருந்தார், நான்தான் இட்டுக்கொண்டு போனேன். வாத்தியார் பேர் கேட்டார். நான், "பெரியவங்க பேருங்க" என்றேன். "எந்தப் பெரியவங்க?" என்றார். நான் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு படித்தவள், கொடுங்கள் எழுதித் தருகிறேன் என்று சிலேட்டை வாங்கி எழுதிக் காட்டிவிட்டு, உடனே புடவைத் தலைப்பால் துடைத்தேன். எழுதுவதுகூடப் பாவம் என்று நினைத்திருந்த காலம். நீ வாயில் வெல்லத்தை அடக்கிக்கொண்டு என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கு அந்த வாத்தியார் சிரித்த சிரிப்பை அப்புறம் வெகுகாலத்துக்கு மறந்தே போயிருந்தேன்.

அஞ்சலை இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்கும் அவளுக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துத்தான் இருந்தது. இல்லை என்று இப்போது சொல்லாதே, நான் இதே வீட்டில்தான் இருந்தேன். சண்டைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தமுக்கடித்தபோது நீ திண்டிவனம் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றாய். இரண்டு வருஷமாக மணிலாக்கொட்டை காய்ப்பில்லை, வீட்டில் கடன், அதனால் போனாய். அதை நான் குறை சொல்லவில்லை. நீ போன பிறகு உன்னிடமிருந்து எங்களுக்கு வந்தது கடிதமும் மணியார்டரும். மணியார்டர் உன் நைனா பேருக்கு வந்தது, அதுதான் வழக்கம், பெண்டாட்டி பேருக்கு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும். கடிதமும் அவர் பேருக்குத்தான். படிப்பது நான், கேட்பது எல்லோரும், கதவுக்குப் பின்னால் நின்று கேட்பது அவள்.

பதில் எழுதுவதும் நான்தான். கவரின் மேல் உன் பட்டாளத்து நம்பரை எழுத வேண்டும், நம்பர் இல்லாவிட்டால் கடிதம் போய்ச் சேராது என்று நீயே எழுதியிருந்தாய். ஒவ்வொரு தரமும் பழைய கவரைத் தேடி எடுத்துப் பார்த்து எழுதுவேன். ஒரு நாள் பழைய கவர் அகப்படவில்லை. அஞ்சலை அடுப்படியிலிருந்தே, "எட்டு, சைபர், மூணு, நாலு, ஒண்ணு, ஆறு, அத்தே" என்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், நான் எழுதும்போது முணுமுணுத்ததைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறாள். அதற்கப்புறம் நான் கவரைத் தேடியதில்லை. உன் பேரை அவளால் சொல்ல முடியாது, நம்பரைச் சொல்லக் கூடாதென்று யாரும் விதிக்கவில்லை. களை பறிக்கும்போதும் மாவாட்டும்போதும் அதைத்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பர்மாவில் சண்டை மும்முரமாக இருந்த நேரம் ஒரு தந்தி வந்தது, அதை உனக்கு எழுதவே இல்லை. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கும்போதே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, உன் பேரைச் சொல்லி, காயம் பட்டு ஆஸ்பத்திரியில் இருப்பதாகப் போட்டிருக்கிறது என்றார். உன் நைனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் மாரில் அடித்துக்கொண்டேன். அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் வந்து கூடிவிட்டன. அஞ்சலை மட்டும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தபால்காரரிடம் போய், "நம்பரு இன்னான்னு போட்டிருக்குது, படிங்க" என்றாள். அவர் படித்தார். முதல் எண்ணே வேறு. "இது எங்களுது இல்ல. கோட்டைப் பக்கம் அதே பேருல இன்னொரு வூடு இருக்குது, அங்க போங்க, பாவம்" என்று சொல்லி உள்ளே போனாள். போனவள் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்துகிடந்தாள். தாத்தன் பேரையே பேரனுக்கு வைக்கிற ஊரில் பேரை நம்பினால் இப்படித்தான், அவள் நம்பரை நம்பினாள்.

நீ இல்லாத அந்த வருஷங்களில் உனக்காகச் செய்ய வேண்டியதை எல்லாம் உன் சித்தப்பா செய்தார். குழந்தைக்குப் பேர் வைத்தபோது தகப்பன் காதில் சொல்ல வேண்டிய பேரை அவர் சொன்னார். உன் நைனா போனபோது உன் கடிதம் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு உனக்குப் பதிலாகக் கொள்ளி வைத்தார். நம் வீட்டில் மட்டும் இல்லை, பட்டாளத்துக்கு ஆள் போன எல்லா வீட்டிலும் இதே கதைதான். ஆள் வர முடியாது, ஆனால் காரியம் நிற்கக் கூடாது, கடிதத்தை வைத்து யாராவது ஒருவர் செய்துவிடுவார்கள். ஊருக்கே அது பழகிப்போயிற்று. அந்தப் பழக்கம்தான் எங்களை எங்கே கொண்டுபோய் விட்டதென்று பார்.

சண்டை முடிந்து இரண்டு தரம் லீவில் வந்தாய். இரண்டாவது தரம் வந்தபோது நீ அவளோடு சரியாகப் பேசவில்லை. சோற்றில் கை வைத்துக்கொண்டு, அங்கெல்லாம் பெண்கள் எப்படி இருக்கிறார்கள் தெரியுமா என்று என்னிடம் சொன்னாய். அவள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நீ திரும்பிப் போய் ஆறு மாதம் ஆவதற்குள் சித்தப்பாவுக்குக் கடிதம் வந்தது, இனி ஒத்துவராது, ஊர் வழக்கப்படி தீர்த்துவிடுங்கள் என்று. உனக்கு ஒத்துவராமல் போனதற்காக நான் உன்னைத் திட்டப் போவதில்லை. உன் நைனாவுக்கும் எனக்கும்கூட எத்தனையோ நாள் ஒத்துவந்ததில்லை. மனசு விட்டுப்போனவனைக் கட்டி இழுத்து வைத்துக் குடித்தனம் நடத்த முடியாது என்பது எனக்குத் தெரியும், அஞ்சலைக்கும் தெரியும். தீர்த்த விதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

நம் வழக்கம் உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். பஞ்சாயத்துக்கு முன்னால் புருஷன் ஒரு வைக்கோல் துரும்பைக் கிள்ளிப் பெண்டாட்டி கையில் கொடுக்க வேண்டும். அவள் வாங்கிக்கொண்டால் தீர்ந்தது, அவளுடைய நகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரவர் வழியைப் பார்க்கலாம். திரௌபதியம்மன் கோயிலுக்கு முன்னால் கூடினார்கள். நீ இல்லை, உன் கடிதம் இருந்தது. அங்கே நின்ற வண்டியிலிருந்து உன் சித்தப்பா ஒரு துரும்பை உருவிக் கிள்ளினார். அஞ்சலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், கையை நீட்டவில்லை. "கொழந்தைய வச்சிருக்குது, நீ வாங்கிக்கப்பா" என்று யாரோ சொல்ல, அவள் அண்ணன் கையை நீட்டி வாங்கிவிட்டான். பஞ்சாயத்தார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். கொள்ளியே வைத்தவர் துரும்பு கொடுக்கக் கூடாதா என்றுதான் எனக்கும் அன்றைக்குத் தோன்றியது. அவ்வளவு பழகியிருந்தது.

அவள் வல்லத்துக்குப் பக்கத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவளுக்கும் குழந்தைக்கும் என்று வந்துகொண்டிருந்த பணத்தை நீ நிறுத்தினாய், என் சாப்பாட்டுக்கு மட்டும் என்று கொஞ்சம் அனுப்பினாய். நான் இங்கிருந்து அரிசியும் மணிலாவும் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். ஒரு தரம் போனபோது குழந்தை அண்ணன் பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்த இடத்தில் உட்கார்ந்து, தனக்கு எப்போது போடுவார்கள் என்று அண்ணிக்காரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அண்ணி கெட்டவள் இல்லை, அவளுக்கும் ஐந்து வாய் இருக்கிறது. அன்றைக்கு அஞ்சலை பஸ் ஏற்ற வந்தாள். "அத்தே, நீங்க எத்தினி நாளைக்கு மூட்டை தூக்குவீங்க? நான் கச்சேரிக்குப் போறேன். அண்ணனும் சரின்னுட்டாரு. வக்கீலு சொல்றாரு, பட்டாளத்து சம்பளத்த கோர்ட்டு நேரா தொட முடியாதாம். ஆனா உத்தரவு வாங்கி ஆபீசருக்கு அனுப்பினா அவரு புடிச்சுக் குடுப்பாராம். உங்க மேல கோவம் இல்ல எனக்கு. நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்றேன்" என்றாள். பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக, "எந்தத் தேதின்னு சொல்லியனுப்பு, நானும் வர்றேன்" என்றேன்.

திண்டிவனத்திலிருந்து மாஜிஸ்ட்ரேட் கேம்ப் வந்து செஞ்சி தாலுகா கச்சேரியில் கேஸ் எடுத்தார். உன் பக்கம் சித்தப்பா ஒரு வக்கீலை வைத்திருந்தார். வக்கீலின் வாதம் ஒரே வரி, துரும்பு கிள்ளியாகிவிட்டது, இவள் பெண்டாட்டியே இல்லை, பெண்டாட்டி இல்லாதவளுக்கு ஜீவனாம்சம் எதற்கு. முதலில் அஞ்சலையைக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்ட்ரேட், "உன் புருஷன் பேர் என்னம்மா?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடியும் கேட்டார். அவள் நிமிர்ந்து, "எட்டு, சைபர், மூணு, நாலு, ஒண்ணு, ஆறுங்க" என்றாள்.

கச்சேரி முழுக்கச் சிரித்தது. டவாலி போட்ட சேவகன்கூடச் சிரித்தான். மாஜிஸ்ட்ரேட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீ ஆளைக் கட்டிக்கிட்டியா, நம்பரைக் கட்டிக்கிட்டியா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தந்தி வந்த நாளில் அந்த நம்பர் எங்களை எப்படிக் காப்பாற்றியது என்று அங்கே யாருக்குத் தெரியும். உன் வக்கீல் எழுந்து, "புருஷன் யாருன்னே இந்தம்மா சொல்ல மாட்டேங்குது, கேஸைத் தள்ளிடலாம்" என்றார். மனுவில் எழுதியிருக்கிறதே என்று அவள் வக்கீல் சொன்னதற்கு, அவள் வாயால் சொல்ல வேண்டும், இல்லையென்றால் தெரிந்தவர் யாராவது அடையாளம் சொல்ல வேண்டும் என்றார் மாஜிஸ்ட்ரேட். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். தன்னைத் தள்ளிவிட்டவனுடைய பேர்தானே, சொல்லிவிட்டுப் போகலாமே என்று உனக்குத் தோன்றலாம். துரும்பு கிள்ளியும் அவளுக்கு நீ புருஷன்தான், அதனால் வாய் வரவில்லை. அவள் பெண்டாட்டிதான் என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும், ஆனால் அந்தச் சாட்சியை எழுதிக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை.

நான் எழுந்து நின்றேன். "நீங்க யாரு?" என்றார். "அவ மாமியாருங்க." "அப்ப நீங்க சொல்லுங்க, உங்க பிள்ளை பேர் என்ன?" கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது, என்னாலும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்து வாத்தியாரின் சிரிப்பு அப்போது ஞாபகம் வந்தது. "பெரியவங்க பேரு" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. உன் வக்கீல் சித்தப்பாவைப் பார்த்து லேசாகச் சிரித்தார். சித்தப்பா நிம்மதியாக உட்கார்ந்திருந்தார், அண்ணி சொல்ல மாட்டாள் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். பக்கத்தில் அஞ்சலை என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லாவிட்டால் அவள் மறுபடியும் அந்த அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும், குழந்தை மறுபடியும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

"தாண்டவராயன்" என்றேன். சத்தம் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. "எம் பிள்ளை பேரு தாண்டவராயன். இது அவன் கட்டின பொண்டாட்டி. வூட்டுல இருக்குறது அவன் பொண்ணு."

உன் சித்தப்பா எழுந்துவிட்டார். "அண்ணி! எங்க நைனா பேரையே சொல்லிட்டீங்களே!" என்று கத்தினார். சேவகன் அவரை உட்கார வைத்தான். உன்னைப் பத்து மாதம் சுமந்து பெற்று, பால் கொடுத்து, பேதி கண்டு கிடந்தபோது விடிய விடிய மடியில் வைத்திருந்து, ஒரு தரம்கூட நான் அந்தப் பேரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டதில்லை. முதல் தரமாகச் சொன்னது கச்சேரியில், உனக்கு எதிராக. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் சொன்னதற்காக இன்றுவரை வருத்தப்படவும் இல்லை.

அதற்கப்புறம் மாஜிஸ்ட்ரேட் துரும்பு விஷயத்தை எடுத்தார். துரும்பை யார் கொடுத்தது என்றார். நான், உன் சித்தப்பா என்றேன். யார் வாங்கினது என்றார். அவள் அண்ணன் என்றேன். "அப்படின்னா அவங்க ரெண்டு பேருக்கும்தான் தீர்ந்துபோச்சு. இந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகலை" என்றார். இந்தத் தரம் நானும் சிரித்துவிட்டேன். குழந்தைக்குப் பேர் வைத்ததும் அண்ணனுக்குக் கொள்ளி வைத்ததும் நான்தானே என்றார் உன் சித்தப்பா. கொள்ளி வைப்பதும் பேர் வைப்பதும் செத்துப்போனவருக்கும் பிறந்த குழந்தைக்கும் செய்கிற காரியம், அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடியாது, இங்கே நிற்பவளுக்கு வாய் இருக்கிறதே, அவளை யாராவது கேட்டீர்களா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். அது எனக்கும் சேர்த்துக் கேட்ட கேள்விதான். அவளுக்கும் குழந்தைக்கும் மாதாமாதம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. நகலில் உன் பேரோடு அவள் சொன்ன நம்பரையும் எழுதச் சொன்னார். அந்த நம்பர் இருந்ததால்தான் உத்தரவு நேராக உன்னிடம் வந்து சேர்ந்தது, இல்லையென்றால் பேர் ஒன்றாக இருக்கிற வேறு எவனாவது தலை குனிந்துகொண்டு நின்றிருப்பான்.

வெளியே வந்து கடைத்தெருவில் ஆளுக்கு ஒரு கிளாஸ் டீ குடித்தோம். அஞ்சலை, "ஒங்க வாயில அந்தப் பேரு நல்லாத்தான் இருந்துச்சு அத்தே" என்றாள். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத்தான் வரல" என்றாள். அன்றைக்கே அவளையும் குழந்தையையும் நம் வீட்டுக்கு இட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மணியார்டர் விலாசத்தை வைத்து நீயே யூகித்திருப்பாய், இல்லாவிட்டால் இப்போது தெரிந்துகொள். உன் நைனா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் அவரைத் தூக்கித் துடைத்தவள் அவள். இந்த வீட்டில் இருக்க அவளுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இப்போது நீ கேட்ட ராஜிக்கு வருகிறேன். மொத்தமாகக் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? அது அவள் கைக்கு வராது. அண்ணன் ஒரு ஜோடி மாடு வாங்குவான், சித்தப்பா பஞ்சாயத்துச் செலவு என்பார், ஆம்பிளைகள் கைமாற்றி ஆம்பிளைகளிடமே கரைந்துபோகும். மாதாமாதம் கொஞ்சமாக வருவதால்தான் அது அவள் கையில் நிற்கிறது. யாருக்கும் அதன் மேல் பெரிய ஆசை வருவதில்லை. நீ வேண்டுமென்றே மோசம் செய்ய நினைக்கிறாய் என்று நான் சொல்லவில்லை, இந்த ஊரில் பணம் எப்படிப் போகும் என்பதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் யோசித்துப் பார். இத்தனை வருஷம் பட்டாளத்தில் இருந்ததற்கு உனக்குச் சர்க்கார் பென்ஷன் கொடுக்கும், கொடுக்கட்டும், நீ சும்மா வாங்கவில்லை. அதே வருஷங்கள் அவளுக்கும் போயின. நீ பர்மாவில் இருந்தபோது அவள் உன் நிலத்தில் நாற்று நட்டாள், உன் தகப்பனாரைப் பார்த்தாள், உன் பிள்ளையைப் பெற்றாள், ஒவ்வொரு தபாலுக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். சிப்பாயாகப் போனவன் அவில்தார் ஆனாய். அவள் இருந்த இடத்திலேயே நிற்கிறாள், வயசுதான் ஏறியிருக்கிறது. அவளுக்கு யார் பென்ஷன் கொடுப்பார்கள்? அந்த மாஜிஸ்ட்ரேட் கொடுக்கச் சொன்னது அதைத்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆசை போய்விட்டது என்பதற்காக அது போய்விடாது. நீ அவளை நேசிக்க வேண்டாம், நினைக்கக்கூட வேண்டாம், சம்பளத்தில் பிடிக்கிறபோது வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் போதும். நாலு பேர் சிரிக்கிறார்கள் என்கிறாய். சிரிக்கட்டும், கச்சேரியில் அவளைப் பார்த்தும்தான் சிரித்தார்கள், அவள் செத்தா போய்விட்டாள்.

ஆகவே ராஜி வராது. நானும் கல்யாணத்துக்கு வரவில்லை. முழங்கால் வலி என்று ஊருக்குச் சொல்லிக்கொள், உண்மையும்தான், ஆனால் உனக்குச் சொல்கிறேன், வலியால் வராமல் இருக்கவில்லை. அந்தப் பெண்ணோடு நல்லபடியாகக் குடித்தனம் செய். பிடிக்காதது எதுவாக இருந்தாலும் அவளிடமே வாயைத் திறந்து சொல், சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதாதே. படித்த பெண் என்கிறாய், உன் பேரைச் சொல்லியே கூப்பிடுவாளோ என்னவோ. இருந்தாலும் உன் நம்பரையும் சொல்லிக் கொடுத்து வை. பட்டாளத்துக்காரன் பெண்டாட்டிக்கு அது என்றைக்கு வேண்டியிருக்கும் என்று சொல்ல முடியாது.

கடைசியாக ஒரு சங்கதி. உன் பத்திரிகை வந்த அன்று அதை அஞ்சலைக்குப் படித்துக் காட்டினேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. கேட்டுக்கொண்டாள், எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். மறுநாள் காலையில் மணியார்டர் வந்தது. தபால்காரர் ஒவ்வொரு மாதமும் வேடிக்கைக்காக, "யாரு அனுப்பிச்சதும்மா, சொன்னாத்தான் குடுப்பேன்" என்பார், அவள் நம்பரைச் சொல்வாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். இந்தத் தரமும் அதேபோலக் கேட்டார். அவள் பெருவிரலில் மையைத் தடவிக்கொண்டே, "தாண்டவராயன்" என்றாள். மேலத்தெரு ஆள் ஒருவரின் பேரைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். தபால்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. துரும்பாலும் தீராதது அன்றைக்குத் தீர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

குழந்தை பக்கத்திலேதான் நின்றுகொண்டிருந்தது. இந்த வீட்டில் அந்தப் பேரை அது கேட்டதே இல்லை. அம்மாவின் புடவையை இழுத்து, "தாண்டவராயன்னா யாரும்மா?" என்று கேட்டது.

அஞ்சலை ரேகை வைத்துவிட்டுப் பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "பணம் அனுப்புறவரு" என்றாள்.

தம்பி, உன் மகளுக்கு நீ இப்போதைக்கு அவ்வளவுதான். அதையாவது நிறுத்திவிடாதே.

உன் அம்மா.